கன்ட்ரோல் ரத்தம்

எங்கள் லேபில் தினமும் முதலில் ஓடுவது என் ரத்தம்தான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சிறுநீரகம் மாற்ற வேண்டியவர்களுக்கு யாருடைய உறுப்பு பொருந்தும் என்று பார்க்கிற இடம் அது. மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள, விடை முன்பே தெரிந்த ஒரு ரத்தம் வேண்டும். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கையை நீட்டச் சொன்னார்கள், நானும் இளிச்சவாய் மாதிரி நீட்டினேன். அன்றிலிருந்து என் ஜீன்கள் லேபில் எல்லோருக்கும் மனப்பாடம். அதில் ஒன்று, எம்.எஸ். என்கிற நரம்பு நோய் வரும் வாய்ப்பை ஏற்றிவிடுகிற ஜீன். அப்படிப்பட்டவற்றில் பெரியது அதுதான். அது என்னிடம் இருக்கிறது. ஆனால் நோய் என் அக்காவுக்கு.

உடம்பின் காவல்படை, எதிரியை விட்டுவிட்டுச் சொந்த நரம்புகளின் மேலுறையைக் கடித்துக் குதறும் நோய் அது; கண்ணின் நரம்பையும் விடாது. பள்ளியில் விளையாட்டு டீச்சராக விசில் ஊதிக்கொண்டு மைதானத்தைச் சுற்றியவள், இப்போது வாக்கரைப் பிடித்தபடி படுக்கையறையிலிருந்து சமையலறைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறாள். கால்தான் தளர்ந்தது. வாய் அப்படியே இருக்கிறது.

அவளுக்கு ஒரே பெண். வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலு. நாற்காலியில் ஏறாதே என்றால் அலமாரி மேல் ஏறும் குழந்தையாக இருந்தாள். வளர்ந்து டவர் கிரேன் ஆபரேட்டர் ஆகிவிட்டாள். இருபது மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஆட்களின் தலைக்கு மேலே டன் கணக்கில் கான்கிரீட்டைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை. இதுவரை பக்கத்தில் ஒரு சீனியர் இருந்தார். வரும் திங்கட்கிழமை முதல் தனியாக ஏற வேண்டும் என்று சைட்டில் சொல்லிவிட்டார்கள். அன்று ஆரம்பித்தது வீட்டில் ரகளை.

"என் வயித்துல பொறந்தவ. என்கிட்ட இருக்கறது அவகிட்ட இல்லாம போகுமா? மேல இருக்கும்போது கண்ணு போச்சுன்னா என்ன பண்ணுவா?" என்றாள் அக்கா.

"அந்த ஜீன் இருக்கற எல்லாருக்கும் வராதுக்கா. முக்காவாசிப் பேருக்கும் மேல ஒண்ணுமே ஆகாது. என்னையே பாரு."

"உன்னைத்தான் பாக்கறேனே, குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்க. எனக்கு வியாக்கியானம் வேணாம். அவளுக்கு அது இருக்கா, இல்லையா? இருந்தா அவ ஏறக் கூடாது. இல்லைன்னா நான் வாயே தொறக்க மாட்டேன்."

அக்காவின் கணவர், எங்கள் மாமா, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "இவ வாயைத் தொறக்க மாட்டான்னா என் ரத்தத்தையும் சேத்து எடுத்துக்கம்மா. எவ்வளவு வேணும்?"

நான் மறுத்துக்கொண்டே இருந்தேன். டாக்டர் கேட்காமல் வெளியாள் ரத்தத்தை எங்கள் மெஷினில் ஓட்டுவது தப்பு. மாட்டினால் வேலைக்கு உலை. ஆனால் அதற்குள் வாலுவே சட்டைக் கையை மடித்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எடு சித்தி. பாத்துடலாம்."

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். இருபது மாடி ஏணியில் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறுகிறவள், ஊசியைக் கண்டால் மட்டும் ஊரைக் கூட்டுவாள். அன்று கண்ணைக்கூட மூடவில்லை. நான் ஊசியைக் குத்தினேன். வாக்கரில் சாய்ந்தபடி அக்காவும் கையை நீட்டினாள்.

"என்னோடதையும் பாருடி. பத்து வருஷமா என்னைப் போட்டுப் பாடா படுத்தறது எதுன்னு நானும் தெரிஞ்சுக்கறேன்."

"உன்னோடது தெரிஞ்ச கதைதானே. எனக்கே இருக்கு, உனக்கு இல்லாமலா?" என்றேன். ஆனாலும் எடுத்துக்கொண்டேன். எடுக்காவிட்டால் உயிரை வாங்கிவிடுவாள்.

மறுநாள் கடைசி ரவுண்டில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. வாலுவின் சாம்பிளை ஓட்டினேன். அக்காவினுடையது பெட்டியில் கிடந்தது. முடிவு வந்தபோது திரையை மூன்று தடவை பார்த்தேன். அந்த ஜீன் இல்லை. வாலுவிடம் இல்லவே இல்லை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். நான் சொன்னது "அது இல்லை" என்ற இரண்டே வார்த்தை. அக்காவுக்குக் கேட்டதோ "வராது". அதைத் திருத்த வேண்டிய நானும் திருத்தவில்லை. ஏனென்றால் உள்ளுக்குள் நானும் அப்படித்தான் நினைத்தேன்: அக்காவைக் கெடுத்தது எதுவோ அது பெண்ணுக்குப் போய்ச் சேரவில்லை, விட்டது தொல்லை. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாமா டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அவர் அழுதால் அப்படித்தான் செய்வார்.

"அப்போ இது வெறும் தூசிதான்" என்று வாலு இடது கண்ணைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள்.

"தூசின்னா கழுவு, கசக்காதே" என்று சொல்லிவிட்டு நான் அக்காவின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை வாலு தனியாக கிரேன் ஏறினாள். வாசலில் அக்கா வாக்கரோடு நின்று, கொடுத்த வாக்குப்படி வாயைத் திறக்காமல் வழியனுப்பினாள் என்று மாமா போனில் சொன்னார். நான் லேபில் இருந்தேன். பெட்டியில் கிடந்த அக்காவின் சாம்பிள் ஞாபகம் வந்து, கழுத்தறுப்பை முடித்துவிடலாம் என்று அதையும் முதல் ரவுண்டில் சேர்த்திருந்தேன். பத்து மணிக்கு மேல் முடிவுகள் வந்தன. முதல் வரிசையில் நான், வழக்கம்போல. கடைசி வரிசையில் அக்கா.

அக்காவிடம் அந்த ஜீன் இல்லை.

சாம்பிள் மாறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். குழாயின் மேல் என் கையெழுத்து. மற்ற ஜீன்களைப் பார்த்தேன்; பாதி என்னோடு பொருந்தியது, இன்னொரு பாதி வாலுவோடு பொருந்தியது. அக்காவேதான். பெற்றோர் ஒவ்வொருவரிடமும் இரண்டு செட் இருக்கும், பிள்ளைக்கு அதில் ஒன்றுதான் வரும். எந்தப் பிள்ளைக்கு எது என்பது குலுக்கல். தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து, கூடப் பிறந்தவன் சிறுநீரகம் எப்படிப் பொருந்தாமல் போகும் என்று சண்டை போடும் மனிதர்களுக்கு நான் இதைத் தினமும் விளக்குகிறேன், அதுவும் எரிச்சலோடு. அந்த நானே, எனக்கு இருப்பதால் அக்காவுக்கும் இருக்கும் என்று பத்து வருடமாக நம்பியிருக்கிறேன். என் ரத்தத்தை வைத்து மெஷினைச் சரிபார்த்துப் பழகி, அக்காவையும் அதை வைத்தே சரிபார்த்திருக்கிறேன்.

அந்த ஜீன் இல்லாமலேயே அக்காவுக்கு நோய் வந்திருக்கிறது. அப்படியானால் வாலுவிடம் அது இல்லை என்பது எதையும் காப்பாற்றாது. "அப்போ இது வெறும் தூசிதான்" என்ற குரல் அப்போதுதான் என் காதில் ஒழுங்காக விழுந்தது.

அவள் போன் அணைந்திருந்தது. கையுறையைக்கூடக் கழற்றாமல் ஸ்கூட்டரை எடுத்தேன். பாதி வழியில், சிக்னலில் நிற்கும்போது, பக்கத்து கார்க்காரர் என் நீலக் கையுறையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

சைட் வாசலில் காவலாளி நிறுத்தினார். ஹெல்மெட் இல்லாமல் விட முடியாது என்றார். அவர் தலையில் இருந்ததைப் பிடுங்கி என் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். பின்னால் அவர் போட்ட கூச்சல் வெகுதூரம் வந்தது. சேற்றிலும் கம்பிக் கட்டுகளிலும் தடுக்கி, கிரேனின் அடியை அடைந்தபோது நுரையீரல் வாய்க்கு வந்துவிட்டது. அங்கே சிவப்பு ஹெல்மெட் போட்ட சிக்னல்மேன், வாக்கி டாக்கியை வாயருகே வைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே, ஒரு சுவர் அளவு கான்கிரீட் பலகை கம்பியில் தொங்கியபடி எட்டாவது மாடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதை வாங்க மாடி விளிம்பில் மூன்று பேர் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"நான் அவ சித்தி. அவகிட்ட உடனே பேசணும்."

"லோடு தொங்குதும்மா. இப்ப பேச முடியாது." அவர் கண்ணை எடுக்கவில்லை. "காலையிலேருந்து உங்க பொண்ணோட ஒரே ரோதனை. லோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நேராத்தான் ஆடுது. அவ என்னடான்னா வட்டமா சுத்துதுங்கறா. எனக்குக் கண்ணு தெரியலையாம்."

வாலு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில், பூங்காவில் அக்கா அவளை ஊஞ்சலில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தி, "இது ஏன்டி சுத்திச் சுத்தி வருது?" என்று கேட்டாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஒரு கண்ணின் நரம்பு வீங்கி, அந்தக் கண்ணின் செய்தி மட்டும் மூளைக்குத் தாமதமாகப் போனால், நேராக ஆடுவது வட்டமாகத் தெரியும் என்று டாக்டர் சொல்லக் கேட்டதெல்லாம் ரொம்பப் பிறகு; அந்தக் கண்ணுக்குச் சிவப்பும் வெளுத்துத் தெரியுமாம். அந்த ஊஞ்சலையும் இதையும் இன்றுதான் சேர்த்துப் பார்த்தேன்.

"அவளை நிறுத்தச் சொல்லுங்க. லோடைக் கீழ எறக்கச் சொல்லுங்க."

"காரணம் வேணும்மா. சும்மா எல்லாம் நிறுத்த முடியாது."

"அவ கண்ணு சரியில்ல."

அவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். பிறகு வாக்கி டாக்கியை என் பக்கம் நீட்டினார், ஆனால் கொடுக்கவில்லை. "இது பொதுச் சேனல். எஞ்சினியர் உட்பட அத்தனை பேரும் கேப்பாங்க. கண்ணு சரியில்லைன்னு இதுல ஒரு வார்த்தை வந்தா, அந்தப் பொண்ணு இனிமே எந்த கிரேனும் ஏற முடியாது. நெசமாத் தெரியுமா உங்களுக்கு?"

நிஜமாகத் தெரியாது. தூசியாகக்கூட இருக்கலாம். போன வாரம் ஒன்றைச் சொல்லி அவளை மேலே ஏற்றியவள் நான். இன்று இன்னொன்றைச் சொல்லி அவள் பிழைப்பைக் கெடுக்க வந்திருக்கிறேன். மேலே பலகை விளிம்பை நெருங்கிவிட்டது. மூன்று பேரில் ஒருவர் ஒரு காலை வெளியே வைத்து எட்டினார். நான் வாக்கி டாக்கியைப் பிடுங்கினேன்.

"வாலு. நான் சித்தி. எதையும் அசைக்காதே. லோடை அப்படியே நிறுத்து."

பலகை நின்றது. லேசாக ஆடியது.

"சித்தியா? அம்மாவுக்கு என்ன?"

"அம்மா நல்லா இருக்கா. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. எனக்குப் பக்கத்துல நிக்கறவர் ஹெல்மெட் என்ன கலரு?"

"இதைக் கேக்கவா வந்த? சிவப்பு."

"இப்போ வலது கண்ணை மூடிக்கிட்டுப் பாரு."

கருவியில் காற்றின் இரைச்சல் மட்டும் வந்தது. சிக்னல்மேன் தன் தலையில் இருந்த ஹெல்மெட்டை ஒரு கையால் தொட்டுக்கொண்டு, சிலை மாதிரி நின்றார்.

"வாலு."

"ஒரு மாதிரி பழுப்பா இருக்கு" என்றது குரல். அது இருபது மாடி ஏறும் பெண்ணின் குரலாக இல்லை. "சித்தி, நீ இல்லைன்னு சொன்னியே."

"சொன்னேன். உன்னை மட்டும் பாத்துட்டுச் சொன்னேன். உங்கம்மாவோடதை இன்னிக்குத்தான் பாத்தேன். அவளுக்கும் இல்ல."

"அம்மாவுக்கு இல்லையா?"

"இல்ல. அதனால நான் சொன்னதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல. கண்ணு வலிக்குதா?"

"உருட்டினா வலிக்குது."

எங்கோ ஓர் ஆண் குரல் சேனலில் புகுந்து, யார் பேசுவது, என்ன நடக்கிறது என்று அதட்டியது. எஞ்சினியராக இருக்க வேண்டும். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வாலு பேசினாள்.

"சார், கிரேன்லேருந்து பேசறேன். என் இடது கண்ணு சரியாத் தெரியல. எட்டாவது மாடியில இருக்கறவங்க உள்ள போயிடுங்க. கீழ இருக்கறவங்க எல்லாரும் வெளிய போங்க. அண்ணே, நான் பாக்கறதை நம்பப் போறதில்ல. நீங்க சொல்லச் சொல்ல எறக்கறேன்."

சிக்னல்மேன் என் கையிலிருந்து வாக்கி டாக்கியை வாங்கிக்கொண்டார். எரிச்சல் எல்லாம் போய், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரலில் பேசினார். "வலப்பக்கம் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். நிறுத்து. ஆட்டம் அடங்கட்டும். சுத்துதுன்னு தோணும், சுத்தலை. என்னை நம்பு. எறக்கு. மெதுவா. மெதுவாம்மா." பலகை இஞ்ச் இஞ்ச்சாக இறங்கியது. ஒரு தடவை தேவையே இல்லாமல் சடாரென்று பக்கவாட்டில் இழுத்தாள். பலகையின் மூலை சாரக்கட்டில் மோதி, ஒரு குழாய் கழன்று, சற்று முன் ஆட்கள் நின்ற இடத்தில் விழுந்து துள்ளியது. அவர் குரல் மட்டும் மாறவேயில்லை. பலகை மண்ணில் உட்கார்ந்ததும் அவர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

ஏணியில் அவள் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அதைவிடக் கொடுமை. ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி வந்தாள். கீழே எஞ்சினியர் காத்திருந்து, கையை நீட்டினார். அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள்.

"என் பொழைப்பை முடிச்சுட்டியா சித்தி?" என்றாள் என்னிடம்.

"முடிச்சுட்டேன். ஏறு வண்டியில."

கண் ஆஸ்பத்திரியில் வெகுநேரம் எடுத்துக்கொண்டார்கள். பார்வை நரம்பு வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். இன்றைக்கே சலைன் வழியாக மருந்து ஏற்ற வேண்டும், தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும். அம்மாவின் நோய்தானா என்று கேட்டேன். "அதோட முதல் அடியா இருக்கலாம். இதோட நின்னும் போகலாம். ஸ்கேன் பாக்காம சொல்ல மாட்டேன். ஒண்ணு மட்டும் சொல்றேன், அந்த நோயா இருந்தா, சீக்கிரம் கண்டுபிடிச்சு மருந்து ஆரம்பிக்கறதுதான் பெரிய விஷயம்" என்றார். ஜீனைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது மாமா அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். அவள் மகளைப் பார்க்கவில்லை. நேராக என் பக்கம் தள்ளச் சொன்னாள்.

"இல்லைன்னு சொன்னியேடி."

"உனக்கும் இல்லக்கா. இன்னிக்குத்தான் பாத்தேன்."

"என்ன உளர்ற?"

"அந்த ஜீன் உனக்கு இல்ல. அது இல்லாமலே உனக்கு வந்திருக்கு. சின்னச் சின்னதா வேற எத்தனையோ ஜீன் இருக்கு, ஜீன் இல்லாத காரணமும் இருக்கு. எது உன்னைப் பிடிச்சதுன்னு யாருக்கும் தெரியாது. உனக்கு அது இருக்குன்னு நானா நெனச்சுக்கிட்டேன்."

"பத்து வருஷமா, இவ கால் தடுக்கினாக்கூட நான்தான் குடுத்துட்டேன்னு செத்துச் செத்துப் பொழைச்சேன்" என்றாள். பிறகு நிமிர்ந்தாள். "உனக்கு இருக்கு இல்ல?"

"இருக்கு."

அவள் என் கால்களைப் பார்த்தாள். சேறு அப்பிய செருப்போடு, ஓடி வந்த கால்கள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்போ உனக்குத்தான் வந்திருக்கணும்."

மாமா, "ஏய்" என்று அதட்டினார். நான் தடுத்தேன். அவள் சொன்னது எனக்கு வலித்தது. ஆனால் ஸ்கூட்டரில் வரும் வழியெல்லாம் நானே அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். நினைத்ததோடு, எனக்கு வராததற்கு உள்ளுக்குள் சந்தோஷப்பட்டும் இருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"ஆமாக்கா" என்றேன்.

"அம்மா, சித்தியைத் திட்டாதே" என்றாள் வாலு கட்டிலிலிருந்து. "நான்தான் மறைச்சேன். தனியா ஏற விடமாட்டாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. ஜீன் இல்லைன்னதும் தைரியம் வந்துடுச்சு."

அக்கா நாற்காலியின் சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு கட்டிலருகே போனாள். "எத்தனை நாளா?"

"பத்து நாள் இருக்கும்."

அக்காவின் கை சக்கரத்தின் மேல் நின்றது.

"நான் ஒரு வருஷம் மறைச்சேன்" என்றாள்.

மாமா திரும்பிப் பார்த்தார். எனக்கும் இது புதிது. திடீரென்று ஒருநாள் மைதானத்தில் விழுந்தாள், அதிலிருந்துதான் எல்லாம் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த கதை.

"கண்ணு தெரியாத விளையாட்டு டீச்சரை யாரு வெச்சுப்பா? ஒரு கண்ணை வெச்சே ஒப்பேத்தினேன். உங்கப்பாகிட்டகூடச் சொல்லல. கால் மடங்கி விழுந்தப்புறம்தான் வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள உள்ள எவ்வளவோ போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு." மருந்து ஏறும் கையைத் தொடாமல் மகளின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். "பத்து நாள்தானே? நெசமா?"

"நெசமாம்மா."

"பத்து நாள்தான்" என்று மாமாவிடம் சொன்னாள். "பத்து நாள்தான்டி" என்று என்னிடம் சொன்னாள். சலைன் பாட்டிலை மாற்ற வந்த நர்ஸ் யார், எவர் என்று தெரியாது. அந்தப் பெண்ணின் கையையும் பிடித்து இழுத்து, முகமெல்லாம் கண்ணீராக, "பத்தே நாள்தான்மா ஆச்சு இவளுக்கு" என்று சொன்னாள்.